கெஸ்: பதினோரு வயதில் எழுதப்பட்ட தலையெழுத்து

பாரி ஹைன்ஸ், ரிச்சர்ட் ஹைன்ஸ் இருவரும் அண்ணன் தம்பி. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பகுதியில், பார்ன்ஸ்லி நகருக்குப் பக்கத்தில் உள்ள ஹாய்லண்ட் காமன் என்ற சுரங்க ஊரில் வளர்ந்தவர்கள். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தெரு. ஆனால் பதினோரு வயதில் இருவரும் ஒரு பரீட்சை எழுதினார்கள். அண்ணன் பாஸ். தம்பி ஃபெயில். அதோடு இருவருக்கும் பள்ளிக்கூடம் வேறு, பாதை வேறு என்று ஆகிவிட்டது.

இந்த இரண்டு சகோதரர்களின் கதையிலிருந்துதான் உலக சினிமாவில் பதின்ம வயதைப் பற்றி எடுக்கப்பட்ட மிக முக்கியமான படங்களில் ஒன்று பிறந்தது. படத்தின் பெயர் 'கெஸ்'. எடுக்கப்பட்டது 1968-ல். முதலில் திரையிடப்பட்டது 1969-ல். இயக்குனர் கென் லோச். இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அந்தப் பரீட்சையைப் புரிந்துகொள்ள வேண்டும். எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

லெவன் பிளஸ் என்னும் வடிகட்டி

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-ல், பிரிட்டனில் ஒரு கல்விச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் பட்லரின் பெயரால் பட்லர் சட்டம் என்றும் சொல்வார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உயர்நிலைக் கல்வி இலவசம் என்றது அந்தச் சட்டம். அதுவரை காசு உள்ளவர்களும், உதவித்தொகை பெற்ற சிலரும் மட்டுமே எட்டிய இடத்துக்கு இனி எல்லோரும் போகலாம். நல்ல விஷயம்தான், சந்தேகமில்லை.

ஆனால் நடைமுறைக்கு வந்தபோது பள்ளிகள் மூன்று வகையாகப் பிரிந்தன. படிப்பில் கெட்டிக்காரர்களுக்கு கிராமர் ஸ்கூல். தொழில்நுட்ப ஆர்வம் உள்ளவர்களுக்கு டெக்னிக்கல் ஸ்கூல். மீதி எல்லோருக்கும் செகண்டரி மாடர்ன் ஸ்கூல். யார் எங்கே போவது என்பதைத் தீர்மானிக்க, தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டில் ஒரு தேர்வு. அதுதான் 'லெவன் பிளஸ்'. கணக்கு, ஆங்கிலம், கூடவே அறிவுத்திறன் சோதனை என்று சொல்லப்பட்ட புதிர்க் கேள்விகள்.

மூன்று வகைக்கும் சம மரியாதை என்று காகிதத்தில் எழுதியிருந்தது. நடந்தது வேறு. டெக்னிக்கல் பள்ளிகள் மிகக் குறைவாகவே கட்டப்பட்டன. ஆக மிஞ்சியது இரண்டே வழி. ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளை கிராமர் பள்ளிக்குப் போனது. அங்கே லத்தீன், அறிவியல் கூடம், பல்கலைக்கழகத்துக்குப் போகும் வாய்ப்பு. மற்ற பெரும்பான்மைப் பிள்ளைகள் போன செகண்டரி மாடர்ன் பள்ளிகளிலோ பணமும் குறைவு, தகுதியான ஆசிரியர்களும் குறைவு. அந்தப் பிள்ளைகளில் பலர் சான்றிதழ் என்று ஒன்றுமே இல்லாமல் பதினைந்து வயதில் வேலைக்குப் போனார்கள்.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. கிராமர் பள்ளியில் எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனை பேர்தான் 'பாஸ்'. இடங்களின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஊரில் பாஸ் ஆகும் மதிப்பெண் அடுத்த ஊரில் ஃபெயில் ஆகிவிடும். பெண்களுக்கான கிராமர் பள்ளிகள் குறைவாக இருந்த பகுதிகளில், பையன்களைவிட அதிக மதிப்பெண் எடுத்தால்தான் ஒரு பெண்ணுக்கு இடம் கிடைக்கும். அதாவது புத்திசாலித்தனத்தை அளப்பதாகச் சொன்ன தேர்வு, உண்மையில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

ஒரு காலைப் பொழுதில் எழுதிய பரீட்சை, பதினோரு வயதுக் குழந்தையிடம் "நீ இதற்கு லாயக்கில்லை" என்று சொல்லி அனுப்பியது. அந்த வார்த்தை அந்தக் குழந்தையின் மனதில் எத்தனை காலம் தங்கும் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

அண்ணனும் தம்பியும்

1939-ல் பிறந்த பாரி, கிராமர் பள்ளிக்குப் போனார். நடுவில் படிப்பை விட்டுவிட்டு கொஞ்ச காலம் சுரங்கத்தில் சர்வேயர் பயிற்சிக்குப் போய், மறுபடியும் பள்ளிக்கே திரும்பி வந்தார். பிறகு லஃப்பரோவில் படித்து உடற்கல்வி ஆசிரியர் ஆனார். பார்ன்ஸ்லி வட்டாரப் பள்ளிகளில் வேலை பார்த்துக்கொண்டே எழுதவும் ஆரம்பித்தார்.

தம்பி ரிச்சர்டுக்குக் கிடைத்தது செகண்டரி மாடர்ன். பள்ளிப் படிப்பை முடித்த பிறகு அவருக்கு ஒரு பித்துப் பிடித்தது. பருந்து இனப் பறவைகளைப் பழக்கும் பழைய கலையைப் பற்றிப் புத்தகங்களில் படிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் டேங்கர்ஸ்லி என்ற இடத்தில் ஒரு பாழடைந்த பழைய மாளிகை இருக்கிறது. அதன் சுவரில் கூடு கட்டியிருந்த கெஸ்ட்ரல் என்னும் சிறிய வல்லூறின் குஞ்சை எடுத்து வந்து, புத்தகம் சொன்னபடியே பழக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் 'கெஸ்'.

இந்தக் கலை சாதாரணமானது அல்ல. பறவையின் காலில் மெல்லிய தோல் வார் கட்ட வேண்டும். தோல் கையுறை போட்ட கையில் அதை மணிக்கணக்கில் உட்கார வைத்து, மனித வாடைக்கும் சத்தத்துக்கும் பழக்க வேண்டும். தினமும் எடை பார்க்க வேண்டும். எடை கூடினால் பறவை வராது, குறைந்தால் செத்துவிடும். முதலில் நீளக் கயிற்றில் கட்டிப் பறக்க விட வேண்டும். பிறகு ஒரு நாள் கயிறே இல்லாமல் விட வேண்டும். அது திரும்பி வருமா என்பது அந்த நொடியில்தான் தெரியும். அடித்து மிரட்டி இந்தப் பறவையைப் பழக்கவே முடியாது. பொறுமை, கணக்கு, கவனிப்பு மூன்றும் வேண்டும்.

"படிப்பு வராது" என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் இதைத் தானாகவே கற்றுக்கொண்டதை அண்ணன் பக்கத்திலிருந்து பார்த்தார். அதிலிருந்து ஒரு நாவல் எழுதினார். 1968-ல் வெளிவந்த அதன் தலைப்பு 'எ கெஸ்ட்ரல் ஃபார் எ நேவ்'. இங்கிலாந்தில் பழங்காலத்தில் எந்த அந்தஸ்துக்கு எந்தப் பறவை என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். சக்கரவர்த்திக்குக் கழுகு, மன்னருக்கு இன்னொன்று என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசிப் படியில் நிற்கும் வேலைக்காரனுக்கு கெஸ்ட்ரல். அங்கிருந்து எடுத்த தலைப்பு அது. பறவையிலும்கூட வரிசை வைத்த நாடு!

கதை என்ன?

பில்லி காஸ்பர் பள்ளியை விட்டு வெளியேற இன்னும் சில வாரங்களே உள்ள பையன். மெலிந்த உடம்பு. அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மாவுக்குத் தன் கவலைகளே பெரிது. சுரங்கத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஜட் தம்பியை அடிப்பவன். இருவருக்கும் ஒரே கட்டில். பில்லி விடியற்காலையில் பேப்பர் போடுவான். வழியில் பால் வண்டியிலிருந்து பால் திருடிக் குடிப்பான்.

ஒரு நாள் பழைய சுவர் ஒன்றில் கெஸ்ட்ரல் கூட்டைப் பார்க்கிறான். அதைப் பழக்குவது எப்படி என்று படிக்க நூலகத்துக்குப் போகிறான். உறுப்பினராக வேண்டுமென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். கையெழுத்து வாங்கும் நிலையில் வீடு இல்லை. கடைசியில் ஒரு புத்தகக் கடையில் அந்தப் புத்தகத்தைத் திருடிவிடுகிறான். எழுத்துக்கூட்டிப் படித்து, பறவையைப் பழக்கியும் விடுகிறான்.

பள்ளியிலோ அவன் ஒரு தொந்தரவு. காலை வழிபாட்டில் கனவு கண்டதற்காக அவனைத் தலைமையாசிரியர் க்ரைஸ் தன் அறைக்கு வரச் சொல்கிறார். அங்கே பிரம்படிக்குக் காத்திருக்கும் பையன்களோடு, வேறொரு ஆசிரியர் சொல்லி அனுப்பிய தகவலோடு வந்த சின்னப் பையனும் நிற்கிறான். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் க்ரைஸ் யாரையும் பேச விடுவதில்லை. தகவல் சொல்ல வந்தவனுக்கும் சேர்த்து அடி விழுகிறது. அந்தப் பையன் தகவலைச் சொல்லவே இல்லை. கேட்க யாரும் தயாராக இல்லாத பள்ளிக்கூடத்தைக் காட்ட இந்த ஒரு காட்சி போதும்.

ஒரே ஒரு ஆசிரியர் மட்டும் வேறு மாதிரி. ஆங்கில வகுப்பு எடுக்கும் ஃபார்திங், உன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல் என்கிறார். பில்லி எழுந்து தன் பறவையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறான். எந்தக் கேள்விக்கும் முனகலாகப் பதில் சொல்லும் பையன், அந்தக் கலைக்கே உரிய சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, செய்முறையை விளக்குகிறான். வகுப்பே மெய்மறந்து கேட்கிறது. மதிய இடைவேளையில் ஃபார்திங் வயலுக்கே வந்து பறவை பறப்பதைப் பார்க்கிறார்.

அதே நாளில் வேலைவாய்ப்பு அதிகாரி பள்ளிக்கு வருகிறார். அலுவலக வேலையா, கையால் செய்யும் வேலையா என்று கேட்டுப் படிவத்தை நிரப்புவதுதான் அவர் வேலை. பறவையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்பதற்குப் படிவத்தில் இடமும் இல்லை. சுரங்கத்துக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறான் பில்லி. அதற்கு மேல் சொல்ல அவனிடமும் ஒன்றும் இல்லை.

முடிவு கொடுமையானது. குதிரைப் பந்தயத்தில் கட்டச் சொல்லி ஜட் கொடுத்த பணத்தை, அந்தக் குதிரைகள் ஜெயிக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பில்லி சிப்ஸ் வாங்கிச் செலவழித்துவிடுகிறான். குதிரைகள் ஜெயித்துவிடுகின்றன. ஆத்திரத்தில் ஜட் பறவையைக் கொன்று குப்பைத் தொட்டியில் போடுகிறான். பில்லி அதை எடுத்துக்கொண்டு போய்ப் புதைக்கிறான். அவ்வளவுதான் படம்.

படம் உருவான விதம்

பார்ன்ஸ்லி வட்டாரத்திலேயே, நிஜப் பள்ளியில், நிஜ மாணவர்களை வைத்து எடுத்தார்கள். பில்லியாக நடித்த டேவிட் பிராட்லி அந்த ஊர்ப் பையன். இதற்கு முன் சினிமாவில் நடித்ததே இல்லை. ஃபார்திங்காக வந்த காலின் வெல்லண்ட் தொழில்முறை நடிகர். அவரும் முன்பு ஓவிய ஆசிரியராக இருந்தவர்தான். கால்பந்து மைதானத்தில் தன்னை பாபி சார்ல்டனாக நினைத்துக்கொண்டு பையன்களைத் தள்ளிவிட்டு கோல் போடும் சக்டன் வாத்தியாராக நடித்தவர் பிரையன் குளோவர். அவர் ஹைன்ஸோடு வேலை பார்த்த நிஜ ஆசிரியர், மல்யுத்த வீரரும்கூட! தலைமையாசிரியராக நடித்த பாப் போவ்ஸும் நிஜத் தலைமையாசிரியரே.

படத்தில் வரும் பறவைகள் மூன்று. அவற்றைப் பழக்கியவர் வேறு யாருமல்ல, தம்பி ரிச்சர்ட் ஹைன்ஸ்தான். பறவையைக் கையாள பிராட்லிக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. திரையில் பில்லியின் முகத்தில் தெரியும் அந்தக் கவனம் பாதி நடிப்பு, பாதி நிஜம்.

நிஜத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. பிரம்படிக் காட்சியில் பையன்கள் உண்மையாகவே அடி வாங்கினார்கள். இதை லோச் பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளை அடிப்பதைக் கண்டிக்கும் படத்துக்காகப் பிள்ளைகள் அடி வாங்கியது ஒரு முரண்தான். இன்று அப்படி எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

ஒளிப்பதிவாளர் கிறிஸ் மெங்கஸ் தூரத்தில் நின்று, இருக்கும் வெளிச்சத்திலேயே எடுத்தார். செக்கோஸ்லோவாக்கியாவில் அந்த நாட்களில் வந்துகொண்டிருந்த எளிய, நிதானமான படங்களின் பாதிப்பு அது. கேமரா பையன்களைத் துரத்துவதில்லை. அவர்கள் பாட்டுக்கு இருக்க, அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

படத்துக்குப் பணம் கிடைப்பதும் சுலபமாக இல்லை. முதலில் ஒப்புக்கொண்ட நிறுவனம் பின்வாங்கியது. இயக்குனர் டோனி ரிச்சர்ட்சன் இடையில் புகுந்து உதவியதால் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் பணம் கொடுத்தது. எடுத்து முடித்த பிறகும் விநியோகஸ்தர்களுக்குத் தயக்கம். பையன்கள் பேசும் பார்ன்ஸ்லி பேச்சு லண்டன்காரர்களுக்கே புரியாது, அமெரிக்கர்களுக்கு எப்படிப் புரியும் என்று கேட்டார்கள். சில காட்சிகளுக்குப் புதிதாகக் குரல் சேர்க்க வேண்டியும் வந்தது. 1970-ல் முதலில் வடக்கு ஊர்களில்தான் படம் வெளியானது. தங்கள் பேச்சைத் திரையில் கேட்ட ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பிறகுதான் லண்டன் கதவு திறந்தது. அதே ஆண்டு கார்லோவி வேரி திரைப்பட விழாவில் முதல் பரிசு. பிராட்லிக்கும் வெல்லண்டுக்கும் பாஃப்டா விருதுகள். 1999-ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் நூறு சிறந்த பிரிட்டிஷ் படங்களின் பட்டியலை வெளியிட்டபோது 'கெஸ்' ஏழாவது இடத்தில் இருந்தது.

பாஸ் ஆனவர்கள் எடுத்த படம்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாரி ஹைன்ஸ் கிராமர் பள்ளி மாணவர். கென் லோச்சும் அப்படியே. எலக்ட்ரீஷியனின் மகனான அவர் கிராமர் பள்ளி வழியாக ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சட்டம் படிக்கப் போனவர். தயாரிப்பாளர் டோனி கார்னெட்டும் பர்மிங்ஹாமின் உழைப்பாளி வர்க்கத்திலிருந்து கிராமர் பள்ளிக்குப் போனவர். அதாவது ஃபெயில் ஆன பையனைப் பற்றிய இந்தப் படத்தை எடுத்த மூவரும் பாஸ் ஆனவர்கள்.

ஏணியில் ஏறியவர்களுக்கு ஏணியைப் புகழ்வது சுலபம். "எங்களைப் பார், ஏழை வீட்டில் பிறந்து மேலே வரவில்லையா?" என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர். இவர்கள் மூவரும் கீழே நிற்க வைக்கப்பட்டவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தன் வீட்டிலேயே ஒரு ரிச்சர்ட் இருந்ததால் பாரிக்கு அந்த உண்மை தெரியும். தம்பிக்கு மூளை இல்லாமல் இல்லை. அதைக் கண்டுகொள்ளும் பரீட்சைதான் இல்லை.

படத்தில் முழு வில்லன் என்று யாரும் கிடையாது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜட் கொடூரமானவன்தான். ஆனால் அவனும் இதே பள்ளியிலிருந்து வெளியே வந்து பூமிக்கு அடியில் போனவன். பில்லிக்கு நாளை காத்திருக்கும் வாழ்க்கையை இன்று வாழ்கிறவன். வேலைவாய்ப்பு அதிகாரியும் கெட்டவர் அல்ல. தன் முன்னால் உள்ள படிவத்தை நிரப்புகிறார். அந்த ஊருக்குச் சுரங்கத்தில் இறங்க ஆள் தேவை. அந்த ஆட்களைப் பொறுக்கிக் கொடுக்கும் சல்லடையாகப் பள்ளி இருக்கிறது. பில்லியின் திறமை வெளியே தெரியாமல் போனது தற்செயல் இல்லை. அதைத் தேடச் சொல்லி அங்கே யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை.

பிறகு என்ன ஆயிற்று?

படம் வரும்போதே காற்று மாறத் தொடங்கியிருந்தது. 1965-ல் லேபர் அரசின் கல்வி அமைச்சர் ஆந்தனி கிராஸ்லண்ட், தேர்வு வைத்துப் பிரிக்காத காம்ப்ரிஹென்சிவ் பள்ளிகளுக்கு மாறும்படி உள்ளூர் நிர்வாகங்களைக் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். 1970-களில் பெரும்பாலான ஊர்கள் மாறிவிட்டன. பள்ளியை விட்டு வெளியேறும் வயது 1972-ல் பதினாறாக உயர்ந்தது. அரசுப் பள்ளிகளில் பிரம்படியைத் தடை செய்யும் சட்டம் 1986-ல் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் லெவன் பிளஸ் முழுவதும் ஒழிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் இன்றும் 163 கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பகுதிகளில் பதினோரு வயதுப் பரீட்சையும் இருக்கிறது.

சுரங்கம் என்ன ஆயிற்று? 1947-ல் நாட்டுடைமையானபோது பிரிட்டனின் நிலக்கரித் தொழிலில் சுமார் 7 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். 1960-களிலேயே நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் மூடப்பட்டன. 1984 மார்ச்சில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தம் ஓராண்டு நடந்து தோல்வியில் முடிந்தது. அதன் பிறகு மூடுவிழாக்கள் வேகமெடுத்தன. பார்ன்ஸ்லி அருகே உள்ள கிரைம்தார்ப் சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. 2015 டிசம்பரில் யார்க்‌ஷயரின் கெல்லிங்லி சுரங்கமும் மூடப்பட, பிரிட்டனின் ஆழ்சுரங்க நிலக்கரித் தொழில் முடிவுக்கு வந்தது.

யோசித்துப் பாருங்கள். பில்லி நிஜமாக இருந்து, பதினைந்து வயதில் வேறு வழியில்லாமல் சுரங்கத்தில் இறங்கியிருந்தால், வேலைநிறுத்தம் வந்தபோது அவனுக்கு முப்பது வயது ஆகியிருக்கும். நாற்பது வயதுக்குள் அந்த வேலையும் போயிருக்கும். வேறு எதற்கும் லாயக்கில்லை என்று சொல்லி எந்த வேலைக்கு அவனை அனுப்பினார்களோ, அந்த வேலையே அவனுக்கு நிலைத்திருக்காது. கையில் சான்றிதழ் இல்லாத ஒரு தலைமுறைக்கு அந்த ஊர்களில் நடந்தது அதுதான்.

மறுபடியும் அந்தத் தம்பி

பாரி ஹைன்ஸ் அதற்குப் பிறகும் நிறைய எழுதினார். 1984-ல் பி.பி.சி.யில் ஒளிபரப்பாகி நாட்டையே உலுக்கிய அணு ஆயுதப் போர் பற்றிய 'த்ரெட்ஸ்' படம் அவர் எழுதியதுதான். 2016 மார்ச்சில் அவர் காலமானார்.

அதே 2016-ல் இன்னொரு புத்தகமும் வெளிவந்தது. பறவையைப் பழக்கிய அந்த நாட்களையும், பதினோரு வயதில் தோற்றதின் காயத்தையும் பற்றிய நினைவுக் குறிப்பு அது. எழுதியவர் ரிச்சர்ட் ஹைன்ஸ். செகண்டரி மாடர்ன் பள்ளிக்கு அனுப்பப்பட்ட அந்தத் தம்பி, பின்னாளில் ஆசிரியராக, ஆவணப்பட இயக்குனராக, ஷெஃபீல்டில் பல்கலைக்கழக விரிவுரையாளராக வாழ்ந்தவர். ஒரு காலைப் பரீட்சை அவரைப் பற்றிச் சொன்னது தப்பு என்று நிரூபிக்க அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு பறவையும், அதைக் கவனித்த ஒரு அண்ணனும் அவருக்கு இருந்தார்கள். பில்லிக்குக் கிடைத்ததோ பறவையும், ஒரு மதிய இடைவேளை மட்டும் வந்து பார்த்த ஆசிரியரும்தான்.

'கெஸ்' பார்த்து முடித்ததும் மனதில் நிற்பது புதைக்கப்பட்ட பறவை. அதைவிட அதிகமாகத் தொந்தரவு செய்வது, கரும்பலகை முன் நின்று தடங்கலில்லாமல் பேசிய அந்தப் பையன். அப்படி ஒரு முறைகூட எழுந்து பேசச் சொல்லிக் கேட்கப்படாமலேயே பள்ளியை விட்டுப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ!